வரம் கொடுத்தால் வம்பு

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' வீடியோ கேமில் நாயகன் 12ஆம் லெவலோடு நின்றுவிடுகிறான். அதன் மூலமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', மேஜையில் பகடை உருட்டி ஆடுவது. அதிலோ 20 வரை ஏறலாம். ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

17ஆம் லெவலில் மந்திரவாதிக்குக் கேட்டதைத் தரும் மந்திரமே கைவந்துவிடும். மேஜையில் என்றால், ஆட்டத்தை நடத்துபவர் அந்த நிமிடமே கதையை வளைத்துச் சமாளிப்பார். வீடியோ கேமிலோ ஒவ்வொரு வரத்துக்கும் விளைவை முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும்.

அடுத்த பாகம் தங்களுடையதல்ல என்று 2024இல் லாரியன் ஒதுங்கிக்கொண்டது. வேறு யாராவது துணிந்தால் ஒரு யோசனை: பழைய சூரர்களுக்கு ஓய்வு கொடுங்கள். எலிக்கே நடுங்கும் புதியவனோடு தொடங்குங்கள். தோற்கும் பயம் இருக்கும்வரைதான் ஆட்டம்.