லேப்டாப்பை அப்புறம் திறங்க

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் கிட் மாட்டிய பழைய வண்டி எது என்று சிக்னலில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பெட்ரோல் வாடை பச்சையாக வரும். பின்னால் நிற்கிறவருக்குக் கண் எரியும். சொந்தக்காரரைக் கேட்டால், ‘ரோட்ல சூப்பரா போகுதுங்க, ஐடிலிங்ல மட்டும் கொஞ்சம் ரிச்சு’ என்பார். அந்தக் கொஞ்சம்தான் பிளக்கைக் கறுப்பாக்குகிறது. சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவுகிறது. கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையே நீர்க்க வைக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தால், கொஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் மச்சானின் கான்டெஸாவை வைத்தே சொல்கிறேன். சினிமாவில் வில்லன் இறங்குகிற அதே வண்டிதான். 1984-ல் வந்தபோது அதற்கு அம்பாஸடரில் இருந்த 1.5 லிட்டர் இன்ஜினைத்தான் வைத்தார்கள். அந்தப் பெரிய உடம்பை அது இழுத்த இழுப்பு ஊருக்கே தெரியும். எண்பதுகளின் கடைசியில் இசுஸூவின் 1817 சிசி இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் வண்டிக்குத் தெம்பு வந்தது. 2002-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அந்த கார்புரேட்டருக்கு நல்ல ஜெட்டோ டயாஃப்ரமோ தேடினால் அலைச்சல்தான் மிச்சம். காதை வைத்துக் கேட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, ஸ்லோ செட் பண்ணிக் கொடுக்கிற கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் பெரும்பாலான புது பைக்குகளிலிருந்துகூட கார்புரேட்டர் போய்விட்டது. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன் அதை எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

ஆகவே மச்சான் கிட் வாங்கினார். கார்புரேட்டர் இருந்த இடத்தில் உட்காருகிற த்ராட்டில் பாடி, அதிலேயே இன்ஜெக்டர், ஒரு கம்ப்யூட்டர், அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், சைலன்சர் குழாயில் மாட்ட ஒரு ஆக்ஸிஜன் சென்சார். பெட்டியின் மேல் ‘தானே கற்றுக்கொள்ளும்’ என்று போட்டிருந்தது. இந்த ஒரு வரியில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். கற்றுக்கொள்ளும், உண்மைதான். எதைக் காட்டுகிறோமோ அதைக் கற்றுக்கொள்ளும். பொய்யைக் காட்டினால் பொய்யைக் கற்றுக்கொள்ளும்.

இந்த கிட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே போகிற காற்றை நேரடியாக அளப்பதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், இன்ஜின் எத்தனை சுற்று, காற்றின் சூடு என்ன என்று பார்த்துக் காற்றின் எடையைக் கணக்குப் போட்டுக்கொள்கின்றன. யோசனை பழசு. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் ஐம்பதுகளிலேயே மின்னணு இன்ஜெக்‌ஷன் செய்து, 1958-ல் கிரைஸ்லர் அதை ஒருசில கார்களில் வைத்து விற்றது. அது படுத்திய பாட்டில் அவற்றில் பெரும்பாலான கார்களுக்குத் திரும்ப கார்புரேட்டர் மாட்டிக்கொடுத்தார்கள் என்பது வரலாறு. அந்தக் காப்புரிமைகளை வாங்கிய பாஷ் 1967-ல் டி-ஜெட்ரானிக் என்று ஃபோக்ஸ்வேகனில் கொண்டுவந்து, சொன்னபடி ஓடவைத்தது. அதுவும் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டது. கம்ப்யூட்டர் என்பது கணக்குப்பிள்ளை மாதிரி. கொடுத்த ரசீதை வைத்துத்தான் வரவு செலவு எழுதும். ரசீதே தப்பு என்றால் கூட்டலைக் குறை சொல்லி என்ன பயன்?

ஐடிலிங்கில் ரிச் என்று வண்டி வந்தால் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். மூக்கும் மீட்டரும் ஒத்துப்போகின்றனவா? பெட்ரோல் முழுக்க எரியத் தேவையான அளவு காற்று சரியாக இருந்தால் மீட்டரில் லாம்டா 1 என்று வரும். காற்று-பெட்ரோல் எடை விகிதம் என்ற பழைய கணக்கில் 14.7. அதற்குக் கீழே போனால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; மேலே போனால் லீன், பெட்ரோல் குறைவு. (இப்போது பங்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உண்மையான எண் 13.5 பக்கம். மீட்டர் பழைய பழக்கத்தில் 14.7 என்றே காட்டிக்கொண்டிருக்கும். லாம்டாவில் பேசினால் இந்தக் குழப்பம் இல்லை.) மூக்கு ரிச் என்கிறது, மீட்டரும் ரிச் என்கிறது என்றால் ஒரு வழி. மூக்கு எரிகிறது, ஆனால் மீட்டர் எல்லாம் சரி என்கிறதா? அது முற்றிலும் வேறு வழி.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை மட்டுமே பார்க்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கில் சின்ன லீக் இருந்தால் புகை வெளியே வரும் என்றுதான் நினைப்போம். வரும். ஆனால் ஐடிலிங்கில் புகை ஒரே சீராக ஓடாமல் விட்டு விட்டுத்தான் தள்ளும். ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து ‘ஐயோ, லீன்’ என்று கத்தும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மீட்டர் சாந்தமாகிவிடும், நமக்குக் கண் எரியும். வண்டி ரோட்டில் ஓடும்போது புகையின் அளவு கூடிவிடுவதால் அந்தத் துளிக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஓட்டும்போது நன்றாக இருக்கிறது, நின்றால் ரிச் என்கிற புகாருக்கு இதைவிடப் பொருத்தமான குற்றவாளி கிடையாது.

கண்டுபிடிக்க லேப்டாப் வேண்டாம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் சில விநாடி அடைத்துப் பிடித்தால் லீக் இருக்கிற இடம் சீறும். பேக்கிங் ஓரத்தில் கரிக்கோடு இருந்தாலும் அதேதான். ஒரு பிளக் சரியாக அடிக்காமல் மிஸ்ஸிங் ஆனாலும் இதே கூத்து நடக்கும்: எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வெளியே வர, சென்சார் லீன் என்று சொல்ல, பெட்ரோல் இன்னும் கூட, பிளக் இன்னும் கறுப்பாகும்.

கான்டெஸாவின் கதை அது இல்லை. அங்கே மூக்கும் மீட்டரும் ஒரே பேச்சு. இலக்கு 12.6, அளவு 12.6. கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லை, ரிச்சாக ஓடவேண்டும் என்றுதான் அதுவே விரும்புகிறது. டியூனிங்குக்கு வந்த பையன் கெட்டிக்காரன்தான். ஃப்யூவல் டேபிளில் ஐடிலிங் கட்டங்களில் எண்ணைக் குறைத்துப் பார்த்தான். வாடை போகவில்லை. இன்னும் குறைத்தான். அவன் ஒரு பக்கம் குறைக்க, இலக்கைப் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் மறுபக்கம் ஏற்றிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறிய நேரம் காந்திபுரம் நெரிசலில் மாட்டியபோது வண்டி பொசுக்கென்று அணைந்தது. இப்போது ரிச்சும் உண்டு, ஆஃப் ஆவதும் உண்டு.

மச்சான் கடைசியில் தன் பழைய மெக்கானிக்கிடம் போனார். கார்புரேட்டர் காலத்து ஆள்; லேப்டாப் பக்கமே திரும்பவில்லை. வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து, பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை உள்ளங்கையால் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவே இல்லை. நன்றாக ஓடிவந்த இன்ஜினின் மேல் ஹோஸை யாரும் அப்படிச் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

“ஏந்தம்பி, இதுல வால்வு இருக்குதா?”

“எந்த வால்வுங்கண்ணா?”

“தெர்மோஸ்டாட்டப்பா.”

இல்லை. எப்போதோ, யாரோ, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி வீசியிருக்கிறார்கள். போதாததற்கு ரேடியேட்டர் ஃபேனையும் டைரக்ட்டாகக் கொடுத்து, சாவியைப் போட்டதும் ஓடும்படி செய்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ஓடுகிற பழைய வண்டிகளில் இந்த வைத்தியம் எத்தனை சகஜம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஹீட் ஆகிறது என்று வண்டி வந்தால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதைவிட வால்வைக் கழற்றுவது சுலபம். கார்புரேட்டர் இருந்தவரை அதற்குப் பெரிய தண்டனையும் இல்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சோக்கை உள்ளே தள்ளிவிட்டால் இன்ஜின் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கார்புரேட்டர் கவலைப்படாது.

கம்ப்யூட்டர் கவலைப்படும். பொதுவாக 82 டிகிரியில் திறக்கிற வால்வு இல்லாததால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரைச் சுற்றிவந்து 60 பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்த கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, விடியற்காலை ஸ்டார்ட்டிங்தான் என்று முடிவுகட்டி, வார்ம்-அப் பெட்ரோலை நாள் முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தது. நெரிசலில் எப்போதாவது உண்மையிலேயே சூடேறியதும் அது இலக்கை மாற்றிக்கொள்ள, பையன் குறைத்து வைத்த எண்கள் பல்லைக் காட்டின. அணைந்தது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், தண்ணீரின் சூடு லேப்டாப் திரையின் மூலையில் முழு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் பெட்ரோல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வால்வு போட்டு, ஃபேனுக்கு ஸ்விட்ச் வைத்து, கம்ப்யூட்டர் அதுவரை கற்றதையெல்லாம் அழித்துவிட்டு, கிட்டோடு வந்த பழைய டேபிளையே திரும்ப ஏற்றினார்கள். ஐடிலிங் லாம்டா 1-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

எல்லா வண்டிக்கும் வால்வுதான் காரணம் என்று சொல்லவில்லை. மூக்கும் மீட்டரும் ஒத்துப்போய், சூடும் சரியாக இருந்தால் அடுத்து பெட்ரோல் அழுத்தம். கார்புரேட்டருக்கு 0.3 பார் இருந்தாலே தாராளம்; இன்ஜெக்டருக்கு 3, 4 பார் வேண்டும். டேங்குக்குத் திரும்புகிற பழைய மெல்லிய குழாயையே ரிட்டர்னுக்குப் பயன்படுத்தினால், அல்லது அந்த ஹோஸ் எங்காவது மடங்கியிருந்தால், 3 இருக்க வேண்டிய இடத்தில் 4 ஏறிவிடும். இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறக்கும், பெட்ரோல் மட்டும் 15 சதவீதம் கூடுதலாக விழும். ரெகுலேட்டரில் வாக்கும் ஹோஸ் இருந்தால் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரமாகப் பெட்ரோல் தெரிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

அழுத்த சென்சாருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் இன்னொரு சந்தேகக் கேஸ். அது த்ராட்டில் தகட்டுக்குக் கீழே இருக்கிற துளையிலிருந்து வர வேண்டும். தகட்டுக்கு மேலே இருக்கிற துளையில் செருகிவிட்டால் ஐடிலிங்கில் அங்கே வாக்குமே இருக்காது. 35 கிலோபாஸ்கல் காட்ட வேண்டிய சென்சார் 90-க்கு மேல் காட்டும், வண்டி மேட்டில் முக்கிக்கொண்டு ஏறுகிறது என்று கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

பெரிய இன்ஜெக்டர் விஷயம் தனி வியாதி. பின்னால் பவர் ஏற்றலாம் என்று கடைக்காரர் சொல்ல, தேவையைவிடப் பெரியதை வாங்கிவிடுகிறார்கள். ஐடிலிங்கில் அது ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் மட்டுமே திறக்க வேண்டியிருக்கும். அவ்வளவு குறைந்த நேரத்தில் பல இன்ஜெக்டர்கள் சொன்ன அளவை ஒழுங்காக ஊற்றாது. இதற்கு டியூனிங்கில் முழு மருந்து இல்லை. சின்னதாக வாங்குங்கள்.

இன்னொன்று. நம் ஊர் புகைப் பரிசோதனையில் பழைய பெட்ரோல் வண்டியின் கார்பன் மோனாக்சைடை அளப்பதே ஐடிலிங்கில்தான். பழைய நான்கு சக்கர வண்டிகளுக்கு 3 சதவீதம் வரை அனுமதி. ரோட்டில் எவ்வளவு அழகாகப் போனாலும் சான்றிதழ் கொடுப்பவருக்கு அது தேவையில்லை. நிற்கிற வண்டியின் சைலன்சரில்தான் அவர் குழாயைச் செருகுவார்.

கிட்டுக்கு ஆர்டர் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் உங்கள் மெக்கானிக்கிடம், வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, மேனிஃபோல்டு பேக்கிங் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ‘நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் எதுக்குங்க’ என்று பதில் வந்தால், ஆர்டரைத் தள்ளிப்போட்டு முதலில் அந்த இரண்டையும் வாங்கி மாட்டுங்கள். கிட்டின் விலைக்கு முன்னால் அது காசே இல்லை.