டைபாய்டுக்கு மிச்சம் ஒரே மாத்திரை... பாகிஸ்தான் குழந்தைகளுக்கு என்ன நடந்தது?

வழக்கமான ஊசி போட்டும் குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. 2016 நவம்பரில், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள ஹைதராபாத் நகரில் தொடங்கிய சிக்கல் இது. வந்திருந்தது டைபாய்டுதான். ஆனா, பழைய டைபாய்டு இல்லை.

என்ன வித்தியாசம்?

டைபாய்டு கிருமி அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகக் குடலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும். குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃபிளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன் என எதற்கும் இந்தப் புதிய வகை அடங்கவில்லை. வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டுமே. அதுவும் கைகொடுக்கலைன்னா, மருத்துவமனையில் சேர்த்து மெரோபெனம் போன்ற விலை அதிகமான ஊசி போடணும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகுமா?

கிருமிக்கு இந்த பலம் எப்படி வந்தது?

2018-ல் வெளியான மரபணு ஆய்வு இதை விளக்கியது. ஏற்கெனவே பல மருந்துகளைத் தாங்கப் பழகியிருந்த கிருமிக்கு, 'பிளாஸ்மிட்' எனும் குட்டி டிஎன்ஏ வளையம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஈ.கோலை போன்ற வேறொரு குடல் பாக்டீரியாவிடமிருந்து அது வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கழிவுநீர் கலந்த குடிநீர் கிருமியை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது.

தடுப்பூசி உதவியதா?

உதவியது. 2019 நவம்பரில், உலகிலேயே முதல் நாடாக டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது பாகிஸ்தான். முதலில் சிந்து மாகாணத்தில், 9 மாதம் முதல் 15 வயது வரையிலான சுமார் 1 கோடி பேருக்குப் போடத் திட்டமிட்டார்கள். அந்தத் தடுப்பூசியைத் தயாரித்தது நம்ம நாட்டு ஹைதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக்! இந்தப் புதிய வகைக்கு எதிராக அது 97 சதவீதம் பலன் தந்ததாக, சிந்து ஹைதராபாத்தில் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் சொன்னது.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. தடுப்பூசியின் பாதுகாப்பு காலப்போக்கில் குறையும். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கும்வரை கிருமிக்கு வழி திறந்தே இருக்கும். அதைவிடக் கவலை, அசித்ரோமைசினுக்கும் அடங்காத டைபாய்டு கிருமிகள் வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் கண்டறியப்பட்டுவிட்டன. கொரோனா காலத்தில் பல நாடுகளில் கணக்கில்லாமல் விழுங்கப்பட்ட அதே மாத்திரைதான் இது.

நாம் என்ன செய்யலாம்?

குழந்தைக்குக் காய்ச்சல் மூணு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் 'பிளட் கல்ச்சர்' தேவையா என்று கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதை அந்தப் பரிசோதனைதான் காட்டும். மருந்துக் கடையில் நாமாகவே அசித்ரோமைசின் வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.