உள்சாலைகளில் வாகனங்களை எண்ணிப் பார்த்த பிறகே கணிப்பை ஏற்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களைச் சுற்றியுள்ள உள்சாலைகளின் அகலத்தையும் தார்த் தளத்தின் கனத்தையும் கணினி மாதிரியின் கணிப்பை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. சாலையோரம் நின்று எடுத்த வாகனக் கணக்கோடு ஒத்துப்போனால் மட்டுமே அந்தக் கணிப்பை ஏற்கலாம் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

மாதிரியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாக் கிராமச் சாலையிலும் ஆள் வைத்து எண்ணுவது நடக்காத காரியம். மக்கள்தொகை, வேலையிடங்கள், சாலை இணைப்பு ஆகியவற்றிலிருந்து பயணங்களைக் கணக்கிடும் முறை சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை போன்ற பெரிய சாலைகளுக்கு ஓரளவு சரியாக வரும். அங்கே ஃபாஸ்டேக் பதிவுகளோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். சுங்கச்சாவடி இல்லாத உள்சாலைக்கு அந்த வசதி கிடையாது.

கவரைப்பேட்டை–சத்தியவேடு சாலையைப் பாருங்கள். அதன் மறுமுனை ஆந்திரம். எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகள். திருவள்ளூர் மாவட்டப் புள்ளிவிவரத்தோடு நின்றுவிடும் மாதிரிக்கு, அங்கே போய்வரும் கம்பெனி பஸ்ஸும் டிரெய்லரும் கண்ணில் படாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் கணித்தால், அதற்குப் பிறகு வந்து தங்கி, ஷிப்ட் மாறும் நேரத்தில் சைக்கிளிலும் நடையாகவும் போகும் வடமாநிலத் தொழிலாளர்களும் விடுபட்டுப் போவார்கள்.

எங்களுக்குப் பெரிய கவலை கனரக வாகனங்கள்தான். ஊரகச் சாலையின் கொள்ளளவைக் கணக்கிட, இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு லாரியை மூன்று காருக்குச் சமமாக வைக்கிறது. நெரிசலுக்கு அந்தக் கணக்கு சரி. தளத்தின் சேதத்துக்கு அது உதவாது. அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பதை, 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த சாலைச் சோதனை காட்டியது. ஸ்கூட்டரும் முறுக்குக் கம்பி ஏற்றிய டிரெய்லரும் ஒரே மொத்த எண்ணில் கரைந்துவிட்டால், கிடைப்பது மெல்லிய தளம்தான். அது ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்ததும் ஒப்பந்ததாரரைத் திட்டுகிறோம். கணக்கில் இருந்த பிழையை யாரும் கேட்பதில்லை.

ஆகவே, சிப்காட் லாரிகள் ஓடும் ஒவ்வொரு உள்சாலையிலும் தொடர்ந்து ஏழு நாள், இரவும் பகலும், வகை பிரித்து வாகனங்களை எண்ண வேண்டும். ஆலைகள் மூடிக் கிடக்கும் பொங்கல், தீபாவளி வாரங்களில் எண்ணக் கூடாது. லாரிகளின் அச்சுப் பாரத்தை எடைபோட வேண்டும். கணிப்புக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை, டெண்டர் விடும் முன் கிராம சபையில் வைக்க வேண்டும். இதற்கான செலவை ஊராட்சிகளின் தலையில் கட்டாமல் சிப்காட் நிறுவனமே ஏற்க வேண்டும்.