பன்னிரண்டு டிகிரி

பூமிக்குள் சில மீட்டர் ஆழம் போய்விட்டால் கோடையும் குளிரும் அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம் எதுவோ, ஏறக்குறைய அதுதான் மண்ணின் வெப்பமும். பிரான்சின் ரோக்ஃபோர் ஊரில் கோம்பலூ மலைக் குகைகள் ஆண்டு முழுக்க 10 டிகிரியை ஒட்டி ஈரமாகவே இருக்கும். செம்மறியாட்டுப் பாலில் செய்த சீஸ் அங்கே பல நூற்றாண்டுகளாக முதிர்கிறது. 1411இல் ஆறாம் சார்ல் மன்னர் அப்படி முதிரவைக்கும் உரிமையை அந்த ஊராருக்கே எழுதிக் கொடுத்தார்.

காரைக்காலில் நிலவறை வெட்டினால் என்ன கிடைக்கும்? 28 டிகிரி. அதையும் வெட்டி முடிப்பதற்குள் ஊற்றுநீர் வந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் இங்கே கால் வைத்தார்கள். நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த காலத்தைக் கழித்தாலும் அது நீண்ட காலம். ஆனாலும் சீஸ் முதிரவைக்கும் வேலை இந்த ஊரில் வேர் பிடிக்கவில்லை. வெயில்தான் முதல் காரணம் என்பது என் எண்ணம். நம்மவர்கள் பாலை உறையவைத்து, கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக்கினார்கள். ஈரத்தை முழுக்க ஓட்டிவிட்டால் வெக்கையிலும் கெடாது. கருவாடும் மோர்மிளகாயும் அந்த அறிவின் பிள்ளைகள்தான். சீஸுக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிரான ஒன்று: ஈரம் போகக் கூடாது, சூடும் ஏறக் கூடாது. 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சி. காற்றில் 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதம். கொடைக்கானலிலும் குன்னூரிலும் சீஸ் பேர் பெற்றதற்கு மலைக்குளிர் பெரிய துணை. குன்னூரில் திரைப்பட இயக்குநர் மன்சூர் கான் பண்ணை வைத்துச் சீஸ் செய்வது பலருக்குத் தெரிந்த செய்தி. ஆனால் ஆரோவில்லின் லா ஃபெர்ம் இருப்பது நம்மைப் போலவே கடலோர வெக்கையில். சென்னையில் நம்ரதா சுந்தரேசனும் அனுராதா கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கிய ‘கேஸே’ நிறுவனமும் அப்படித்தான். இயந்திரம் குளிர்ச்சியைக் கொடுத்தால் சமவெளியிலும் சீஸ் முதிரும் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

பிரான்சில் உறவு உள்ள குடும்பங்கள் காரைக்காலில் நிறைய. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் வரும் சீஸுக்காகக் காத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீடுகளுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். உங்களுக்கான நிலவறை, மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடக்கும் பழைய ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ்தான்.

புதிய ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை இதற்கு ஏற்றதல்ல. அதன் விசிறி காற்றைச் சுழற்றி ஈரத்தை உறிஞ்சிவிடும். சீஸின் தோல் வெடித்துப்போகும். ஐஸ் கட்டும் பழைய வகையே நல்லது. நம் ஊரில் அதில் மீன் வைத்திருப்பார்கள். சோடா உப்பு கரைத்த நீரால் துடைத்து, கதவைத் திறந்து போட்டு, வாடை முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள். பிறகு கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

வீட்டு ஃபிரிட்ஜ் பொதுவாக 3 முதல் 5 டிகிரியில் ஓடும். அந்தக் குளிரில் நொதிகள் தூங்கிவிடும். மாதக்கணக்கில் வைத்தாலும் சுவை ஏறாது. திருகைக் குறைந்த அளவில் வைத்தாலும் 12க்கு வந்து நிற்காது. அதற்காக வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் பொருத்த வேண்டும். ஃபிரிட்ஜின் பிளக் அதில் போகும். அதன் சென்சார் கம்பி கதவிடுக்கு வழியே உள்ளே போகும். 12 டிகிரி என்று வைத்துவிட்டால், அதைத் தாண்டும்போது மட்டும் கம்ப்ரஸர் ஓடும். சென்சார் முனையை ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு வையுங்கள். கதவைத் திறந்ததும் மோட்டார் பதறிப்போய் ஓடுவதும் நிற்பதுமாக இருக்காது. அணைந்தபின் சில நிமிடம் பொறுத்தே மீண்டும் ஓடும் வசதி அந்தக் கருவியில் இருக்கட்டும். கம்ப்ரஸரின் ஆயுளுக்கு அது முக்கியம்.

எங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்த வந்த மெக்கானிக் தம்பி, “பன்னெண்டு டிகிரிதானே அக்கா? ஈரத்துணி சுத்தின மண்பானையே போதுமே” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் பானை குளிர்வது, தண்ணீர் ஆவியாகும் அளவுக்குத்தான். ஏற்கெனவே ஈரம் நிறைந்த நம் கடற்காற்றில் எத்தனை துணி சுற்றினாலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது கடினம். அதே பானை ராஜஸ்தானில் இதைவிட நன்றாகக் குளிரும்.

இந்த ஈரக்காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்கள் ஃபிரிட்ஜின் வறட்சியைப் பற்றியே எச்சரிக்கும். நமக்கு வறட்சியும் உண்டு, நீர்கோப்பதும் உண்டு. 30 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீரைச் சுமக்கும். 12 டிகிரிக் காற்றால் தாங்க முடிந்தது 11 கிராம்கூட இல்லை. மீதி எங்கே போகும்? கதவைத் திறந்து மூடியதும் உள்ளே போன காற்றின் நீரில் பாதிக்கு மேல் எங்காவது துளியாகப் படியும். சீஸின் மேல் படிந்தால் அந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சை கிளம்பும்.

அதனால் ஒவ்வொரு சீஸுக்கும் மூடியுள்ள தனி டப்பா. அடியில் ஒரு மூங்கில் பாய்த்துண்டு, அதன் மேல் சீஸ். டப்பாவில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கட்டும். சீஸ் தன் ஈரத்தால் டப்பாவுக்குள் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறை, விடியற்காலையில், திறந்து மூடியின் உட்புறத் துளிகளைத் துடைத்து, சீஸைத் திருப்பிப் போட்டு மூட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையில்தான் சீஸ் ஆவதும் கெடுவதும் தீர்மானமாகிறது. துளிகள் அதிகமானால் மூடியை ஒரு நூலளவு திறந்து வையுங்கள். தோலில் விரிசல் கண்டால் ஈரத்துணித் துண்டொன்றை டப்பாவின் மூலையில் வைக்கலாம்.

ஈரப்பதம் காட்டும் மலிவான கருவிகள் பொய் சொல்லும். சோதிக்க வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறாகும்வரை நீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். வேதாரண்யத்து உப்பு கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஊருக்கு இதைவிட எளிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர் பாட்டில்களை நிறைத்து வைத்தால் சில மணி நேரத்துக்கு வெப்பம் மெல்லத்தான் ஏறும். கெட்டியான சீஸ் அதைத் தாங்கும். கஜா புயல் போல நாள்கணக்கில் மின்சாரம் போனால் மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

எந்தச் சீஸ்? பன்னீர் முதிராது, புளிப்பால் திரித்த அதில் ஈரமும் அதிகம், பாலை உறையவைக்கும் ரென்னெட் நொதியும் இல்லை. கௌடா வகையில் தொடங்குங்கள். நீலப் பூஞ்சை வகையை அதே பெட்டியில் வைக்காதீர்கள். அதன் வித்து எல்லாவற்றிலும் ஏறிவிடும். கறந்த பச்சைப் பாலானால் 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஆறவிட்டே உறையூற்றுங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது: லிஸ்டீரியா என்னும் கிருமி குளிரிலும் வளரும், கருவுற்ற பெண்களுக்குப் பேராபத்து. தோலில் படரும் சாம்பல் பூஞ்சையை உப்புநீர்த் துணியால் துடைத்தால் போதும். ஆனால் முதல் சில நாளிலேயே சீஸ் பந்தாக உப்பினால், அறுத்துப் பார்க்கக்கூட வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். மழையும் புயலும் மின்சாரத்தை நம்ப விடாது. தையில் தொடங்குங்கள். 4 லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 400 கிராம் கிடைக்கும். பங்குனியில் அறுத்துச் சாப்பிடலாம். அதற்குள் அந்தப் பழைய ஃபிரிட்ஜைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.