பெயரை இயந்திரம் மாற்றட்டும், இடத்தை நாம் பார்த்து மாற்றுவோம்



மதிப்பெண் சான்றிதழ், ஆதார், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் வைத்திருக்கிறீர்கள். புதிதாக வரும் ஃபைலுக்குத் தானாகவே பெயர் மாற்றி, உரிய ஃபோல்டருக்கு நகர்த்தும் ஏற்பாட்டையும் சிலர் செய்திருக்கிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஒரு பிள்ளையின் பெயர் கெஜட்டில் மாறினாலும் பள்ளியில் சேர்க்கை எண் மாறாது. டிரைவிலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் அப்படி ஓர் அடையாளக் குறி உண்டு. அதனால் பெயரை மாற்றினாலும் முன்பு அனுப்பிய லிங்க் வேலை செய்யும். '2025-06-10' என்று ஆண்டை முதலில் வைத்துப் பெயரிட்டால் தேதி வரிசையிலும் நிற்கும். இந்த வேலையைத் தாராளமாக இயந்திரத்திடம் விடலாம்.

இடமாற்றம் டி.சி. கொடுப்பது போன்றது. பலரோடு பகிர்ந்த ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் போய்விட்டால், அந்த ஃபோல்டரைப் பார்க்கும் எல்லோரும் அதையும் பார்க்கலாம். கல்யாணப் போட்டோவுக்காக ஐம்பது பேரோடு பகிர்ந்த ஃபோல்டரில், நாம் எழுதிய விதி சற்றுப் பிசகினாலும் அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போய் உட்கார்ந்துகொள்ளும். இயந்திரத்துக்கு விதி தெரியும். வீட்டு மானம் தெரியாது.

தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாமல் டி.சி. வெளியே போகாது. அதேபோல, எல்லா ஃபைலும் முதலில் உங்களுக்கு மட்டும் தெரியும் ஃபோல்டரில் வந்து சேரட்டும். பகிர்ந்த ஃபோல்டருக்கு நீங்களே பார்த்து அனுப்புங்கள். வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.