அரை நிமிஷ வீரம், அம்பது வருஷ வீரம்

கட்டில் காலில் நம் கால் கட்டைவிரல் இடித்துக்கொண்டால் வீட்டில் என்ன நடக்கும்? 'ஐயோ அம்மா' தெருமுனை வரை கேட்கும். மனைவி தைலத்தோடு ஓடி வருவாள். 'பார்த்து நடக்கக் கூடாதாப்பா?' என்று பையன் உபதேசம் பண்ணுவான். மறுநாள் ஆபீஸில் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து அனுதாபம் வசூல் பண்ணி, முடிந்தால் அரை நாள் லீவும் வாங்கிவிடலாம்.

இப்படிப்பட்ட நமக்கு மேஜர் இயான் கார்டோசோவின் கதையைக் கேட்டால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

1971-ல் அவர் இருந்தது நம்ம குன்னூர் பக்கத்து வெலிங்டனில். ராணுவ அதிகாரிகள் மேல்படிப்புப் படிக்கிற ஸ்டாஃப் காலேஜில் மாணவர். வங்கதேசப் போர் வந்தது. அவருடைய கூர்க்கா பட்டாலியனில் இரண்டாம் இடத்தில் இருந்த அதிகாரி சண்டையில் உயிர் விட, 'அந்த இடத்துக்கு நீ போ' என்று உத்தரவு. நீலகிரிக் குளிரிலிருந்து கிளம்பிய மனுஷன் போய் இறங்கிய இடம் கிழக்கு வங்கத்து சில்ஹெட். கூர்க்கா ஜவான்கள் வாயில் 'கார்டோசோ' நுழையவில்லை. 'கார்தூஸ் சாகிப்' ஆக்கிவிட்டார்கள். கார்தூஸ் என்றால் தோட்டா. பேர் பொருத்தம் எப்படி!

சண்டை முடிகிற நேரம். கண்ணிவெடியில் கால் வைத்துவிட்டார். ஒரு கால் சின்னாபின்னம். அதை எடுத்துவிடச் சொல்லி டாக்டரைக் கேட்டார். மயக்க மருந்து இல்லை, கருவியும் இல்லை. எல்லாம் குண்டு வீச்சில் போய்விட்டது. பக்கத்திலிருந்த ஜவானிடம், 'உன் குக்ரியை எடு, வெட்டு' என்றார். குக்ரி என்பது கூர்க்காக்களின் வளைந்த கத்தி. அந்தப் பையனுக்குக் கை வரவில்லை. 'சரி, இப்படிக் கொடு' என்று வாங்கித் தானே வெட்டிக்கொண்டு, 'கொண்டு போய்ப் புதை' என்றாராம்.

அப்புறம் முறையாக ஆபரேஷன் செய்தவர், நம்மிடம் கைதியாக இருந்த பாகிஸ்தான் ராணுவ சர்ஜன் ஒருவர். 'எதிரி ரத்தம் எனக்கு ஏற்றக் கூடாது' என்று முதலில் அடம் பிடித்த கார்டோசோ, அந்த டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லவில்லையே என்று பிற்காலத்தில் வருத்தப்பட்டார். கத்தி எடுத்த தைரியத்தைவிட இந்த வருத்தம் பெரிசு என்பது என் கட்சி.

எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2021-ல் இவரைப் பற்றி ஹிந்தியில் படம் எடுப்பதாக அறிவித்துப் போஸ்டர்கூட வெளியிட்டார்கள். 'ஐயா, படத்தில் இருக்கிற கத்தி குக்ரியே இல்லை' என்று முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர் திருத்தம் சொன்னார். கத்தி சரியா, தப்பா என்று ஊரே பேசியது. கத்தியைக் கீழே வைத்த பிறகு அந்த மனுஷன் என்ன செய்தார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

வெட்டியது அரை நிமிஷம் இருக்குமா? அப்போது அவருக்கு வயது 34. மிச்ச வாழ்க்கையை வாழ வேண்டுமே, அதுதான் நிஜமான சண்டை.

கட்டைக் காலோடு திரும்பி வந்தவருக்கு ராணுவத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி, மேஜை, ஃபைல். 'உட்காருங்க சார், போதும் நீங்க பட்டது.' அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு மனுஷனை ஓரங்கட்டுவதற்கு அன்பைப் போல வசதியான ஆயுதம் வேறில்லை! இவர் உட்கார மறுத்தார். இரண்டு கால் உள்ளவர்கள் எழுதுகிற அதே உடல்தகுதிப் பரீட்சையை எனக்கும் வையுங்கள் என்றார். வைத்தார்கள். ரெண்டு காலும் உள்ள சில அதிகாரிகள் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருக்க, இவர் முன்னால் ஓடி முடித்தார்.

அப்போதும் ரூல்ஸ் புத்தகம் அசையவில்லை. கடைசியில் தலைமைத் தளபதி ஜெனரல் ரெய்னா இவரை லடாக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பனியிலும் மலையிலும் இவர் நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 'பட்டாலியனைக் கொடுங்கள்' என்றார். ரெய்னாவுக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு கண் போயிருந்தது. அதனால்தானோ என்னவோ, பலருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது.

ஊனமுற்ற அதிகாரி ஒருவர் நம் நாட்டில் காலாட்படை பட்டாலியனுக்குத் தலைமை தாங்கியது அதுதான் முதல் முறை. பிறகு பிரிகேடும் கிடைத்தது. 1993-ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு.

ரிட்டயர் ஆனவர்கள் என்ன செய்வார்கள்? காலையில் வாக்கிங், பேப்பர், பென்ஷன் பாக்கி பற்றி நாலு திட்டு, சாயங்காலம் பேரனை ட்யூஷனில் விட்டுவிட்டு வருவது. தப்பில்லை, உழைத்த உடம்பு. இவர் போன இடம் டெல்லியில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக நடக்கிற ஒரு தொண்டு நிறுவனம். சல்யூட் அடிக்க ஆள் இல்லை, பதக்கம் இல்லை. கையில் ஸ்பூன் பிடிக்கவே ஒரு குழந்தை மாசக்கணக்கில் போராடுகிற இடம். 'வெற்றி' என்ற வார்த்தைக்கு அங்கே அர்த்தமே வேறு.

2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் தலைவர். அது என்ன கவுன்சில் என்கிறீர்களா? சிறப்புப் பள்ளி ஆசிரியர், பேச்சுப் பயிற்சி தருகிறவர், செயற்கைக் கால் செய்து பொருத்துகிறவர் இவர்களுக்கெல்லாம் என்ன படிப்பு, எவ்வளவு பயிற்சி என்று தரம் வகுத்துப் பதிவு செய்கிற அமைப்பு. 1992-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். அளவு தப்பாகப் பொருத்தின கட்டைக் கால் எப்படிக் கடிக்கும் என்பது, அதைப் போட்டு லடாக் மலை ஏறியவருக்குத் தெரியாதா!

நடுநடுவே புத்தகம் எழுதினார். அதே 1971 போரில் மூழ்கிய ஐ.என்.எஸ். குக்ரி கப்பலைப் பற்றியும் ஒன்று. கப்பலுக்கும் அந்தக் கத்தியின் பேர்தான். சொந்தக் கதையை மட்டுமே சொல்லிக் காலம் தள்ளியிருக்கலாம். திரும்பி வராதவர்களின் கதையையும் உட்கார்ந்து எழுதினார். மராத்தானிலும் ஓடினார் சார், அந்தக் கட்டைக் காலோடு!

ஊனமுற்றோர் உரிமைக்கு 2016-ல் புதுச் சட்டம் வந்தது. ஏழு வகை என்றிருந்த பட்டியல் இருபத்தொன்று ஆனது. அரசு வேலையில் இட ஒதுக்கீடு மூன்று சதவீதம் நாலானது. சட்டம் அதன் வேலையைச் செய்கிறது. நாம்? ஆகஸ்ட் 15-க்குப் போர்வீரருக்குச் சால்வை போர்த்துகிறோம். அவர் மேடை ஏற நாலு படி. பக்கத்தில் ஒரு சாய்தளம் கிடையாது. இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றுகிறோம். அதையும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

கார்டோசோ போலக் கத்தி எடுக்கச் சொன்னால் நம்மால் ஆகாது. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த தடவை சக்கர நாற்காலியில் ஒருத்தர் நம் ஆபீஸ் வாசலுக்கு வந்தால், 'அடப் பாவமே!' என்று உச்சுக்கொட்டுவதற்குப் பதிலாக, 'என்ன வேலை தெரியும் உங்களுக்கு?' என்று கேட்கலாமே. அவர் வாழ்நாள் பூரா ராணுவத்திடம் எதிர்பார்த்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

அப்படியே அந்தச் சாய்தளத்துக்கும் யாராவது ரெண்டு மூட்டை சிமெண்ட் சொல்லி வையுங்களேன்.