ஏழையின் பீடியும் சர்க்காரின் இரக்கமும்

பீடிக்கு வரி ஏற்றினால் அது ஏழையின் வயிற்றிலடிப்பதாகும் என்று நம் அங்கத்தினர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தறிக்குழியில் பகலெல்லாம் மிதித்துக் களைத்தவன் வெளியே வந்து ஒரு பீடி பற்றவைக்கிறான். அதற்குமா வரி என்கின்றனர். இக்கேள்வியில் இரக்கம் உண்டு. நியாயம் உண்டா?

சர்க்காரும் இவ்வாறே இரங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் கூடிய சரக்கு, சேவை வரி மன்றம் சிகரெட்டின் வரியை நூற்றுக்கு 28லிருந்து 40 ஆக உயர்த்தவும், பீடியின் வரியை 28லிருந்து 18 ஆகக் குறைக்கவும் தீர்மானித்தது. 2026 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. பீடி இலைக்கு வரி 5 ஆயிற்று. நம் பருத்தி நூலுக்கும் அதுவே வரி என்பதை நெசவாளர் கவனிக்க வேண்டும்!

விளைவு யாது? சிகரெட்டின் விலை தாங்காதவன் புகையை விடுவதில்லை, பீடிக்கு இறங்குகிறான். 2016-17இல் எடுத்த கணக்கின்படி இந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர் பீடியும், 4 பேர் சிகரெட்டும் பிடிப்பவர். பீடி மென்மையானது என்பது வெறும் பேச்சு. அது அணைந்து அணைந்து போவதால் மேலும் மேலும் இழுக்க நேர்கிறது. நெஞ்சு நோயுடன் மதுரை இராசாசி மருத்துவமனையின் வரிசையில் நிற்பவன் அன்றைய கூலியை இழக்கிறான். அவன் கடன் தவணையோ சங்கக் கணக்கில் நிலுவையாகிறது. மலிவான பீடியின் முழுவிலை அங்கேதான் தெரிகிறது.

விலை நூற்றுக்குப் பத்து ஏறினால் ஏழை நாடுகளில் புகையிலைச் செலவாணி ஏறக்குறைய ஐந்து குறையும் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. அதிலும் பணக்காரனைவிட ஏழையே அதிகம் குறைக்கிறான். ஆயின் விடமுடியாதவன் கூடுதல் வரியைச் சுமப்பான் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆதலால்தான் அப்பணம் எங்கே போகிறது என்று கேட்கிறோம். பீடித் தொழிலாளர் நலனுக்கென 1976இல் ஏற்பட்ட தனித்தீர்வை 2017இல் ஒழிந்தது. நெல்லை, தென்காசிப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பெண்களுக்குரிய நிதி அது.

நம் புகையிலை விவசாயிகள் அஞ்சவேண்டியதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் விளைவது பெரும்பாலும் வாயிலடக்கும் புகையிலை. பீடித்தூள் குஜராத்திலும் கர்நாடகத்திலும் விளைகிறது.

பீடி வரியை மீண்டும் ஏற்றுக, ஏற்றியதில் ஒரு பங்கைச் சுற்றும் பெண்களுக்கும் மாற்றுத் தொழிலுக்கும் ஒதுக்குக என்று நம் சங்கங்கள் அடுத்த மகாசபையில் தீர்மானம் கொண்டுவரலாம். மாறுபட்ட கருத்துடையோரும் எழுந்து பேசட்டும்.